பட்டாளத்து ஜெர்கின்

அந்தப் பட்டாளம் ஆப்கானிஸ்தானை விட்டுப் போய்த் தொலையட்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொண்டவள் நான். அரசியலெல்லாம் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் அங்கே வெளிநாட்டுப் பட்டாளத்து முகாமில் சமையல்காரர். "இந்த ஒரு வருசம் மட்டும் புள்ள" என்று சொல்லிச் சொல்லியே மகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டாள். பட்டாளம் மூட்டை கட்டினால்தான் இந்த மனுஷன் மலைமேல் எங்கள் ஊரான வாழவந்திக்கு வந்து சேருவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முகாம் அடுப்படியில் அவரோடு ரொட்டி சுட்டவர் அந்த ஊர்க்காரர். என் வீட்டுக்காரர் லீவில் வந்திருக்கும்போது அவர் தன் வீட்டிலிருந்து வீடியோ காலில் வருவார். பக்கத்தில் அவர் பெண்சாதி முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் சொல்வதை அவர் உருதுவில் சொல்ல, இவர் அதைத் தமிழில் சொல்ல, மூன்று வாய் மாறி என் காதுக்கு வரும். அவர்களுக்கும் என் மகள் வயதில் ஒரு பெண். இரண்டும் போனுக்குள் நாக்கைத் துருத்திக் காட்டி விளையாடும்.

ஒரு தடவை அவளிடம் நானே கேட்கச் சொன்னேன், பட்டாளம் போனால் நல்லதுதானே என்று. அவள், தன் அண்ணன் அந்தப் பட்டாளம் போட்ட குண்டில்தான் செத்தான் என்றாள். அவர்கள் போகத்தான் வேண்டும், ஆனால் இப்போது போகக்கூடாது, போனால் பழைய ஆட்சிக்காரர்கள் திரும்பி வந்து மகளின் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் புருஷன் வருவதற்கு நான் இங்கே நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இவள் இருக்கட்டும் என்கிறாளே!

"அப்ப எப்பத்தான் போறதாமா? கேளுங்க."

"அதக் கேட்டா அது என்ன சொல்லும்? சும்மா இரு புள்ள" என்று அவர் போனைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் பட்டாளம் போயே விட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சமையல்காரர்களை அனுப்பிவிட்டார்கள். போகிற அவசரத்தில் சிப்பாய்கள் தங்கள் துணிமணியை வாரி வாரிக் கொடுத்தார்களாம். இவருக்கு ஒரு ஜெர்கின், ரொட்டிக்காரருக்கு ஒன்று. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு இவர் அடிவாரத்தில் பஸ் ஏறி வந்தார். மாதாவுக்கு நன்றி சொல்லி இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அதன்பிறகு டிவியில் காட்டினார்கள், ஏர்போர்ட்டில் ஜனம் விழுந்தடித்து ஓடியதை. இவர் டிவியை ஒட்டி நின்றுகொண்டு அந்தக் கூட்டத்தில் ரொட்டிக்காரரின் முகத்தைத் தேடினார். போன் போட்டால் எடுக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"காப்பித் தோட்டத்துல நெழல் மரத்த ஒரே நாள்லயா வெட்டறோம்? கெளை கெளையாத்தானுங்க கழிக்கறோம். அப்படிக் கொஞ்சங்கொஞ்சமாப் போயிருக்கலாமுல்லைங்க?" என்றேன்.

"இத்தன வருசமா கொஞ்சங்கொஞ்சமாத்தான் போனாங்க. என்னைய விடு புள்ள, நொம்ப அலுப்பா இருக்குது."

அந்த அலுப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. இப்போது ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் சமைக்கிறார். யாராவது அந்த ஊரைப் பற்றி வாயெடுத்தால் எழுந்து போய்விடுவார். போனது சரியா தப்பா என்று டீக்கடையில் பேசாத ஆள் கிடையாது. எனக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

போன தை மாதம், சாயங்காலம், காப்பி பறித்துவிட்டு வந்து வாசலில் நின்றிருந்தேன். பனி கொட்டுகிறதே என்று அந்த ஜெர்கினைத்தான் போட்டிருந்தேன். பழப்பறிப்புக் காலம் முழுக்க எனக்கு அதுதான். இவர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்புள்ள, உசுரோட இருக்காங்க!" என்று கத்தினார்.

போனில் ரொட்டிக்காரரும் அவளும். இளைத்துப் போயிருந்தார்கள். நான் சந்தோஷத்தில் கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, சட்டென்று கையால் திரையை மறைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஜெர்கினக் கழட்டச் சொல்லுது" என்றார் இவர். அந்த வேலை பார்த்த அடையாளம் ஒன்றும் வீட்டில் இருக்கக்கூடாது என்று, அவர்கள் தங்களுடையதை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார்களாம். வீட்டைச் சோதிக்க வருகிற அந்த ஆட்சிக்காரர்கள் போனையும் பார்ப்பார்களாம்.

அடப்பாவமே என்று கழற்றித் தூர எறிந்தேன். குளிரில் உடம்பு வெடவெடவென்று ஆடியது. அப்புறம்தான் அவள் கையை எடுத்தாள். நான்கு வீடு மாறி ஒளிந்திருந்து இப்போது சொந்த வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மகள் ஆறாவதோடு நின்றுவிட்டாள். அதற்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

அந்த நேரம் பார்த்தா என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கி வரவேண்டும்! யூனிஃபார்மும் முதுகில் பையுமாக வந்தாள். ஐயோ, இதைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று, "உள்ள போ கண்ணு, உள்ள போ" என்று மறைத்துக்கொண்டேன்.

ரொட்டிக்காரர் பெண்சாதி பார்த்துவிட்டாள். அவசரமாக என்னவோ சொன்னாள்.

"மறைக்க வேண்டாமாம். பாக்கணுமாம்" என்றார் இவர்.

அவளுடைய மகள் திரைக்கு வந்தாள். வளர்ந்திருந்தாள். நாக்கைத் துருத்தவில்லை. என் மகளின் சட்டையை, டையை, பையைப் பார்த்தாள். மெதுவாக ஏதோ கேட்டாள். அவள் அப்பா சொல்ல, இவர் தமிழில் சொன்னார்.

"இப்ப என்ன பாடம் நடக்குதுன்னு கேக்குது சாமி."

என் மகள் பையைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். முக்கோணம் போட்ட பக்கத்தைப் போனுக்கு நேராகப் பிடித்தாள். அந்தப் பக்கம் அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எதற்கு மெழுகுவத்தி ஏற்றினேன் நான் என்று இருந்தது. ஏற்றாமல் இருந்திருந்தால் மட்டும் குண்டில் செத்த அவள் மாமன் திரும்பி வந்திருப்பானா?

அவள் நிமிர்ந்து மறுபடி என்னவோ கேட்டாள்.

"அடுத்த பக்கம் காட்டச் சொல்லுது" என்றார்.

என் மகள் பக்கத்தைத் திருப்பினாள்.