ஈரல் பூசிய பாண்

எண்பதுகளின் நடுவில், சில்க்போர்க் அகதி முகாமில் எங்களுக்கு டேனிஷ் சொல்லித்தந்த ஆசிரியை ஒருநாள் காலையில் காட்டுவழியே மலையேறக் கூட்டிப்போனார். உச்சியில் ஒரு பழைய பண்ணைவீட்டைத் தாய்லாந்துப் பிக்குகள் கோயிலாக்கியிருந்தார்கள். இலங்கையர் என்றால் புத்தரைக் கண்டு மகிழ்வோம் என்பது அவருடைய கணக்கு. நாங்கள் ஏன் ஓடிவந்தோம் என்று அவர் அதுவரை விசாரிக்கவில்லை.

எங்களில் ஒருவருக்குத்தான் அங்கே உண்மையில் அலுவல் இருந்தது. ஊரில் நான் வேலைபார்த்த அரசாங்கக் கச்சேரியில் அவர் தலைமைக் கிளாக்கர். மனைவியும் மகளும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார்கள், மறுநாள் நேர்முகம். பக்கத்தில் பிள்ளையார் கோயில் இல்லாததால் புத்தருக்கு முன்னாலாவது ஒரு விளக்கு ஏற்றிவிடத் தவித்தார்.

எனக்கும் அவரோடு ஓர் அலுவல் மிச்சமிருந்தது. அம்மா செத்த தந்தியோடு நான் கேட்ட லீவை, உரிய வழியில் வரவில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். வழி சரியாகி நான் வீடு சேர்ந்தபோது தம்பி கொள்ளி வைத்து முடித்திருந்தான்.

பாதி மலையில், நனைந்த மரங்களுக்குக் கீழே, ஆசிரியை கறுப்புப் பாணை, டேனிஷ்காரரின் அன்றாட ரொட்டியை, நீட்டினார். மேலே மண்ணிறப் பூச்சு.

"என்ன தம்பி இது, பருப்பு மாதிரிக் கிடக்கு?" கிளாக்கர் என்னைக் கேட்டார்.

"இந்த ஊர்ச் சாமான் அண்ணை. நல்ல சத்து."

இரண்டு துண்டு சாப்பிட்டார். எனக்குப் பசியில்லை என்றேன்.

கோயில் வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றி வைக்கும்வரை பொறுத்திருந்தேன்.

"அண்ணை, நீங்கள் சாப்பிட்டது பண்டி ஈரல். மச்சம் திண்டிட்டுக் கோயிலுக்குள்ளை போகேலாது. முறை உங்களுக்குத் தெரியும்தானே."

முகம் செத்துப்போனது. "கேட்டனானெல்லே தம்பி!"

"ஓம் அண்ணை. உரிய வழியிலை கேக்கேல்லை."

தூறலில் காலுறையோடு நின்றார். அந்தக் காட்சியை நான் அவசரப்படாமல் அனுபவித்தேன்.

பிக்கு ஒருவர் வெளியே வந்து, ஏன் நிற்கிறார் என்று ஆசிரியையிடம் கேட்டார். கிளாக்கரே முந்திக்கொண்டு தன் அரைகுறை டேனிஷில் பாவத்தை ஒப்புவித்தார். பிக்கு சிரித்துக்கொண்டே சமையலறைக் கதவைத் திறந்து காட்டினார். பெரிய சட்டியில் பன்றி இறைச்சி கொதித்தது. பிக்குகளுக்கு அன்றைய தானம். பிறகு அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனார். கிளாக்கர் தன் விளக்கை ஏற்றினார். அவருக்குத்தான் முதலில் இலையளவு தட்டில் சோறு வந்தது. மச்சம் தொடாத நான் வெறுஞ்சோறு தின்றேன்.

அவருடைய மனைவியும் மகளும் விசா கிடைத்து வந்து சேர்ந்தார்கள். இந்த நாட்டு அலுவலகங்களிலும் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்றவன் நான், தெரிந்துதான் சொல்கிறேன். முறைப்படி அந்த விளக்கு செல்லாது. அப்பீலுக்கு இடமில்லை.