முதுகில் பதிந்த கைகள்

என் அலமாரியில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஜாரில் எங்களுக்குத் துணிக்கடை. தை மாதக் குளிரில் விடியுமுன் சைக்கிள் மிதித்துப் பழகி, அந்த வருஷத்துச் சைக்கிள் பந்தயத்தில் நான்தான் முதல் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பந்தயத்தன்று ஒரே பனிமூட்டம். கடைசி ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் நிற்கப் போனபோது, தேயிலைக்குள் கவ்வாத்து வெட்டி, செடிகளின் கிளை கழித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் ஓடிவந்தார்.

"விட்றாதீங்க தம்பி, மிதிங்க!"

என் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து, உச்சிவரை தள்ளிவிட்டார். பிறர் உதவி வாங்கினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். எனக்கு அது தெரியும். பனியில் யாரும் பார்க்கவில்லை என்பதும் தெரியும்.

உச்சிக்கு அப்பால் தோட்டத்து மைதானத்தில் பந்தயம் முடிந்தது. நான்தான் முதல். கோப்பைக்காக நடுவர் முன் நின்றபோது, என்னைத் தள்ளிவிட்டவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எனக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தார்.

"தம்பி, நம்ம ஜெயிச்சிட்டோம்ங்க!"

நடுவர் என்னைப் பார்த்தார். "இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

ஓடிவந்தவரின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு நடுவரைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்கய்யா, பனியில ஆள் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து பனியனைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். முதுகில் செம்மண்ணாய் இரண்டு உள்ளங்கைகள். பின்னாலிருந்து வந்தவர் கண்ணில் அது படாமலா இருந்திருக்கும்? விரல் நீட்டிக் காட்டியிருந்தால் போதும். அவர் காட்டவில்லை.

இன்றும் அந்தக் கோப்பையைத் தொட்டால் என் முதுகு கூசுகிறது.