பிரேக்கக்கா சொன்ன வயிற்றுவலி

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கக்கா. பழகுபவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி ஊர்க்கதை பேசுவாள். வாய் பாட்டுக்குப் பேசும். எதிரே லாரி வந்தால் கால் பாட்டுக்கு அமுங்கும். "பயப்படாதீங்க, நீங்க இடிச்சா நானும் சேர்ந்துதானே இடிபடணும், விட்ருவேனா" என்பாள். முறுக்கிக்கொண்டு வரும் ஆண்கள்கூட அவளிடம் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார்கள். எதற்கும் கூசாத பெண் என்று எல்லாரும் அவளை நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மாதவிலக்கு முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், உள்ளாடையில் ஒரு கறை தெரிந்தது. முதல் தடவை அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த மாதமும் வந்தது. அதற்கப்புறம் கணவனோடு சேர்ந்திருந்த பிறகும் வர ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டியாயிற்று, நிற்கப் போகிறது போல, அதற்கு முன்னால் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. கறுப்பு பேன்ட் தவிர வேறு எதையும் போடாமல், கைப்பை நிறைய நாப்கினோடு அலைந்தாள்.

மகள் விடுதியில் தங்கிப் படிப்பதால் அவளுடைய அறை காலியாக இருந்தது. "உங்க குறட்டை தாங்கலங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு அங்கே படுக்கப் போனாள். லிஃப்ட் பழுது பார்ப்பவன் அவன், அதிகம் பேசமாட்டான். சொன்னதை அப்படியே நம்பிவிட்டான். ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தான், தலையணையை மாற்றினான். "இப்ப பரவாயில்லையா, சத்தம் அங்க வரைக்கும் கேக்குதா?" என்று காலையில் கேட்பான். அவள் அடுப்பைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன் அப்போது அவளிடம் வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். மணல் நிறத்தில் மடிப்புக் கலையாத பேன்ட் போட்டு வருவான். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஒரு நாள் காலை பொறுமை போய், "இறங்குங்க தம்பி, நான் காட்டுறேன்" என்று இடம் மாறினாள். அவள் ஓட்டிக் காட்ட, அவன் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்து பார்த்தான். வகுப்பு முடிந்து அவன் இறங்கித் திரும்பியபோது அந்த மணல் நிறத்தின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

அது தன் ரத்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பார்க்காதது போல இருந்துவிடலாம். ஆனால் அவன் நேராகக் கடைக்குப் போகிறவன்.

"தம்பி, பின்னால ஏதோ பட்டிருக்கு."

அவன் வளைந்து பார்த்தான். "என்னக்கா இது?"

"முந்தின கிளாஸ் பொண்ணு சாஸ் பாக்கெட் எதையோ வெச்சு உக்காந்திருந்தா. அதுவாத்தான் இருக்கும்" என்றது வாய். யோசித்துச் சொன்னதல்ல. பிரேக்கில் கால் அமுங்குவது மாதிரி அதுவாக வந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. மறுநாள் அந்தப் பெண்ணிடம், வண்டிக்குள் தின்பண்டம் கூடாது என்று நாலு பேர் எதிரில் கறாராகச் சொன்னார். வங்கியில் வேலை செய்யும் அமைதியான பெண் அவள். "நான் எதுவும் சாப்பிடலையே அக்கா" என்று பிரேக்கக்காவைப் பார்த்தாள். பிரேக்கக்கா பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனாள். வரிசையில் நின்று கவுண்டரை நெருங்கும்போது, "பிரேக்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எப்போதோ அவளிடம் வண்டி பழகிப் போனவர், குடும்பத்தோடு நின்றிருந்தார்.

"என்ன பிரச்சனைங்க?" என்று கேட்டான் கவுண்டர்க்காரன்.

"வயித்துவலி."

வயிற்று டாக்டரிடம் அனுப்பிவிட்டான். அவர் அங்கங்கே அழுத்திப் பார்த்து, "இங்க வலிக்குதா?" என்றார். வலிக்கிறது என்றாள். "சாப்பிட்டதும் எரியுதா?" எரிகிறது என்றாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று. கடைசியில் கேஸ் மாத்திரையோடும் காரம் சேர்க்கக் கூடாது என்ற உத்தரவோடும் வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து கணவன் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டான். எதிலும் உறைப்பில்லை. மிளகாய்த் தூளை மேலே தூவித் தின்கிற மனிதன், அதே சப்பென்ற சாப்பாட்டைத் தானும் தின்றான். "நான் காரமா சாப்பிட்டா உனக்கு ஆசை வரும்ல" என்றான். அவள் தட்டைப் பார்த்தபடியே தின்று முடித்தாள்.

ஒரு நாள் விடிந்து எழுந்திருக்கும்போது படுக்கை விரிப்பு நனைந்திருந்தது. எழுந்தவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீயோடு வந்த கணவன் பார்த்துவிட்டான்.

"மாசத் தேதியா?"

"இல்லங்க."

"அப்ப என்ன இது?"

சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். குறட்டை பொய் என்றும் சொன்னாள்.

அவன் டீயைக் கீழே வைத்தான். "மூக்கு டாக்டர்கிட்ட எல்லாம் போய்ட்டு வந்தேன் நான்" என்றான் மெதுவாக. பிறகு, "கேஸ் மாத்திரைய வேற முழுங்கிட்டிருக்க. அங்கயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கவுண்டர்ல கேட்டாங்க. வாய் வரல."

"உனக்கா வாய் வரல?" அவன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அன்றைக்கே கிளம்பினார்கள். வரிசையில், "நான் சொல்லட்டுமா?" என்றான்.

"வேணாம். நீங்க இன்னும் மோசமா சொல்வீங்க."

முறை வந்ததும் குனிந்து கவுண்டர் பலகையைப் பார்த்துச் சொன்னாள்: "மாசம் வர்றதுக்கு நடுவுல ரத்தம் போகுது. லேடி டாக்டரைப் பாக்கணும்."

"வயசு?" என்றான் கவுண்டர்க்காரன். சொன்னாள். "மூணாவது ரூம்." அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கணவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டாள். எத்தனை மாதமாக? அஞ்சாறு மாதம். கருத்தடை மாத்திரை ஏதாவது? இல்லை. சேர்ந்திருந்த பிறகும் வருகிறதா? எடை பார்க்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டு ஆமாம் என்றாள். கர்ப்பமா என்றும் பார்த்துவிடலாம் என்றபோது, "இந்த வயசுலயா டாக்டர்" என்றாள். "எந்த வயசுலயும் பாத்துட்டுத்தான் பேசுவேன்" என்றாள் டாக்டரம்மா. இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. அதற்கென்று வழியெல்லாம் பதில் தயாரித்து வந்தவளுக்கு அது என்னவோ போல இருந்தது.

"கர்ப்பப்பை வாயில விரல் நுனி அளவுக்கு ஒரு சதை தொங்குது" என்றாள் டாக்டரம்மா, பரிசோதித்துவிட்டு. "பெரும்பாலும் கெடுதல் இல்லாததுதான். ஆனா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பாம அதை நான் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லிக்கக் கூடாது. எப்பவோ ஒரு தடவை லேசா பட்டா ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தா, சேர்ந்திருந்த பிறகு வந்தா, வந்து காட்டிடணும். மாசம் வர்றது அடியோட நின்னு போன பிறகு ஒரு துளி பட்டாலும் வரணும். நிறையப் போய்த் தலை சுத்தினா அன்னிக்கே."

சதையை எடுத்தார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து செல் எடுத்துச் சோதித்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

முடிவுக்குக் காத்திருந்த வாரத்தில் அவளால் வங்கிப் பெண்ணின் பக்கத்தில் சும்மா உட்கார முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள்.

"அன்னிக்கு அது சாஸ் இல்லம்மா. என் ரத்தம். உன் மேல பழியப் போட்டுட்டேன்."

"தெரியும்க்கா" என்றாள் அந்தப் பெண், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "அடுத்த நாள் உங்க சீட்டைப் பாத்தேன். எனக்குத் தெரியாதா? நீங்களே மறைக்கிறப்ப நான் எப்படிச் சொல்றது, அதான் வாங்கிக்கிட்டேன்."

வெட்கம் இப்போதுதான் காதுவரை ஏறியது. அன்று மாலையே முதலாளியிடமும் போய், தப்பு அந்தப் பெண்ணுடையதில்லை, தன்னுடையது என்று சொன்னாள்.

முடிவு நல்லபடியாக வந்தது. கெட்டது எதுவும் இல்லை, மறுபடி பட்டால் உடனே வரணும் என்றார்கள். வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அம்மா, கேன்டீன்ல இருக்கேன். சுத்தி எல்லாரும் இருக்காங்க" என்று மகள் நெளிந்தாள்.

"நீ பேச வேணாம், கேட்டா போதும்" என்றாள் பிரேக்கக்கா. அவளுக்கும் குரல் தாழ்ந்துதான் இருந்தது. கணவன் இரண்டடி தள்ளி நின்று வேறெங்கோ பார்த்தான். "உனக்கு இந்த மாதிரி எப்பவாவது வந்தா வயித்துவலின்னு சொல்லிக்கிட்டுத் திரியாத. என்கிட்ட சொல்லு. என்கிட்ட கூச்சமா இருந்தா நேரா டாக்டர்கிட்ட போ."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மகள், "சரிம்மா. வெளிய வந்து கூப்பிடுறேன், இதுலயே எனக்கும் ஒண்ணு கேக்கணும்" என்றாள்.