வண்டி ஊதும்போது வாசித்தவள்

என் தங்கை சொக்கம்மாளுக்கு ஒரே மகள், மதி. அவளைப் பெண் பார்க்கப் புழலிலிருந்து பீம்ராவ் வீட்டார் வந்திருந்தார்கள். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் லைனை ஒட்டினாற்போல எங்கள் வீடு. காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பார்த்து, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிகீது. தாய்மாமன் நீங்க இன்னா சொல்றீங்கோ?" என்று கேட்டார். "எங்களுக்கும்" என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து எண்ணெய் டாங்கர் வண்டி ஊதிக்கொண்டு வந்தது. நிறுத்திவிட்டேன். நாற்பத்தெட்டு டாங்கர். எங்கள் பக்கத்து ஜனம் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி டாங்கர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் "சம்மதம்தான்" என்று முடித்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "கேட்ட கேள்விக்கு வாய்ல கொழுக்கட்டைய வெச்சிக்கினு குந்தினு கீறாங்கோ. இந்த எடம் நமக்கு வாணாம்" என்றாள். அவளைத் திருப்பி உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

லைன் ஓரத்து ஜனங்களுக்கு அது வழக்கம். வண்டி ஊதினால் பேச்சு நிற்கும். வண்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடரும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. பீம்ராவே கல்யாணமாகி எங்கள் வீட்டோடு வந்த ஆறு மாதத்தில் பழகிவிட்டார். அவர்களுக்குப் பிறந்த ரமாபாய் தொட்டிலில் அழும்போதுகூட, வண்டி வந்தால் அழுகையை நிறுத்தி, போனபிறகு மிச்சத்தை அழுவாள். நான் கண்ணால் பார்த்தது.

அந்த ரமாபாய்க்கு இப்போது பதினெட்டு வயது.

மதி தையல்காரி. ராயபுரத்தில் ரோஸ்மேரி டீச்சருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். டீச்சர் நாசரேத்துப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி ராயபுரம் வந்து நாற்பது வருஷம். அவர் வீட்டுக்குப் பின்னாலும் துறைமுகத்துக்குப் போகிற அதே சரக்கு லைன்தான். ரமாபாய்க்கு ஆறு வயதிருக்கும், அம்மாவோடு ஜாக்கெட் கொடுக்கப் போனவள், கூடத்தில் இருந்த பியானோவைச் சுற்றி ஒரு வட்டம் வந்துவிட்டு, "டீச்சர், இத நான் அடிச்சா உங்களுக்குப் பேஜாரா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அடிக்கக் கூடாது. அழுத்தணும்" என்றாராம் டீச்சர்.

அன்றைக்கு அழுத்த ஆரம்பித்தவள். பன்னிரண்டு வயதில், டீச்சர் போகிற சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று ஈஸ்டர் ஆராதனைக்கு இவளை உட்கார வைத்தார்கள். பெடலுக்குக் கால் எட்டவில்லை. முன்னால் நகர்ந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழுசாக வாசித்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் புத்த பூர்ணிமாவுக்கு வியாசர்பாடி விகாரில் கீபோர்டு வாசித்தாள். இரண்டு இடத்திலும் ஜனங்கள் கேட்டது ஒன்றுதான்: "யார் வூட்டுப் பொண்ணு இது?"

பிளஸ் டூ முடித்ததும் பெங்களூர்ப் பக்கம் ஓர் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். அவர்கள் ஒரு வீடியோ கேட்டிருந்தார்கள். நிஜ பியானோவில் வாசிக்க வேண்டும், முகமும் கையும் தெரிய வேண்டும், ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும், வெட்டி ஒட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. அந்த ஒரு வீடியோவை வைத்துத்தான் இடம் உண்டா இல்லையா என்பது.

பீம்ராவ் எண்ணூரில் கிரேன் ஓட்டுகிறவர். "அனுப்புமா. அவங்க குட்த்து வெச்சவங்களா இருந்தா எட்த்துக்கட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கூடத்தில் மூன்று தடவை எடுத்தார்கள். ஸ்டூல் மேல் முறுக்கு டப்பா, அதன்மேல் போன். நானும் போயிருந்தேன். ஜெர்மனிக்காரர் யாரோ இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதினதாம் அந்தப் பாட்டு. முதலில் ஆளைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி போகும், பிறகு தகர ஷெட்டில் மழை விழுகிற மாதிரி வேகம் பிடிக்கும். முதல் தடவை கடைசியில் இடது கை ஒரு கட்டையைத் தப்பாகத் தொட்டது. மூன்றாவதில் மின்விசிறிக் காற்றில் நோட்டுத் தாள் பறந்தது. இரண்டாவதில் ஒரு பிசகு இல்லை. அதை ஐந்து முறை போட்டுப் பார்த்தோம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் என்று முடிவாகிவிட்டது.

அனுப்புவதற்கு முன்னால் தன் அண்ணன் மகன் ஜோபினுக்கு அதைப் போட்டுவிட்டார் டீச்சர். ஜோபின் நாகர்கோவிலில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன். திங்கட்கிழமை காலை நாங்கள் டீச்சர் வீட்டில் இருக்கும்போதே அவனிடமிருந்து போன். ரமாபாயும் நாங்களும் கேட்கட்டும் என்று டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தே, நல்லா வாசிக்கா. ஆனா நடுவுல எதுக்கு நிறுத்துனா?"

"எங்க நிறுத்துனா?"

"ரெண்டாம் பக்கத்துல. பதினாலு செகண்டு கையத் தூக்கி வச்சிக்கிட்டு சும்மா இருக்கா."

"அது வண்டி ஊதிச்சுல்லா."

"ஊதுனது எனக்கும் கேட்டுச்சு. வண்டி ஊதுனா இவ எதுக்கு நிறுத்தணும்?"

டீச்சருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "பின்ன, வண்டி ஊதும்போது யாராவது வாசிப்பாவளா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். "ஏல, இருக்கியா? அங்கயும் வண்டி போவுதா?" என்று டீச்சர் கேட்டார்.

"இங்க வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க திரும்பப் போட்டுப் பாருங்க" என்று வைத்துவிட்டான்.

போட்டுப் பார்த்தோம். ஐந்து முறை பார்த்தவர்களுக்குத் தெரியாதது ஆறாவது முறை தெரிந்தது. மழை மாதிரி போய்க்கொண்டிருக்கிறாள். கேட்டில் பெட்டியில்லாத ஒற்றை என்ஜின் ஊதிக்கொண்டு போகிறது. இரண்டு கையும் கட்டையை விட்டு எழும்பி அப்படியே அந்தரத்தில் நிற்கின்றன. முகத்தில் கலக்கம் ஒன்றும் கிடையாது. அது போனதும் விட்ட இடத்தில் கை இறங்குகிறது. பக்கத்தில் தாள் புரட்ட நிற்கிற டீச்சரும் சிலை மாதிரி நிற்கிறார்.

மதிக்கு முகம் வெளுத்துவிட்டது. ரமாபாய்தான் சிரித்தாள். "தோ பாரேன், கைய தூக்கிக்கினு போட்டோவுக்குக் குந்தினு கீற மாரி கீறேன்."

"சிரிக்கிற நேரமாடி இது?"

வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற அலெக்ஸாண்டர் பீம்ராவுக்குத் தோஸ்து. "அவன்கிட்ட சொன்னா அந்தப் பதினாலு செகண்ட கத்திரிச்சி ஒட்டிடுவான். யாருக்குத் தெரியும்?" என்றார் பீம்ராவ்.

"வாணாம் நைனா. ஒட்டக்கூடாதுன்னு சொல்லிகீறாங்க. ஒட்டிக் குட்த்துட்டு அங்க போய் அவங்க முன்னாடி எந்த மூஞ்ச வெச்சிக்கினு வாசிக்கிறது?"

"அப்ப முத தபா எடுத்தத அனுப்பு. ஒரே ஒரு தப்பு."

"அதுவும் வாணாம். எனக்கு அவ்ளோதான் வரும்னு நெனைப்பாங்க. திரும்ப வாசிக்கிறேன். வண்டி வந்தா வரட்டும், நான் நிறுத்த மாட்டேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் விரல் கேட்க வேண்டுமே. செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க டீச்சர் வீட்டில் வாசித்தாள். நான்கு வண்டி வந்தன. நான்குக்கும் கை தானாக எழும்பியது. பியானோவில் உட்கார்ந்து இதை மாற்ற முடியாது, வாயிலிருந்து மாற்ற வேண்டும் என்று கண்டுபிடித்தது அவளேதான். புதன்கிழமையிலிருந்து வீட்டில் வண்டி ஊதினால் பேசுவது என்று வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் இட்லியைக் கையில் பிடித்தபடி வாய்மூடி உட்கார்ந்திருப்போம். அவள் மட்டும், "சட்னி கெட்டியா கீது, மாவு நல்லா புளிச்சிகீது, தாத்தா ஏன் இன்னும் மாத்திர போடல" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். எங்களுக்கு ஒரு சொல் கேட்காது, உதடு அசைவதுதான் தெரியும்.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுதுங்க" என்றாள் மதி.

"உங்கம்மா வூட்டு வழக்கத்த விடுது. வேற ஒண்ணும் இல்ல" என்றார் பீம்ராவ்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு தடவை எடுத்தார்கள். முதல் தடவை வண்டியே வரவில்லை. பிசகும் இல்லை. "இது போதும், ஏட்டி, எழும்பு" என்றார் டீச்சர்.

"இன்னொண்ணு எடுக்கலாம் டீச்சர். மணி பத்துதான ஆவுது."

இரண்டாவது தடவை, முதல் பக்கம் முடிகிற இடத்தில் என்ஜின் ஊதியது. டீச்சரின் கை தாளைப் பாதி புரட்டியபடி நின்றுவிட்டது. பீம்ராவ் மூச்சுகூட விடவில்லை. நானும்தான். கூடத்தில் அசைந்தது ரமாபாயின் கை மட்டும். கண்ணுக்கு முன்னால் பாதித் தாள் மறைத்துக்கொண்டிருக்க, மனப்பாடமாக வாசித்துக்கொண்டு போனாள். ஊதல் நின்றது, பெட்டிகள் தடதடவென்று போயின, பியானோ நிற்கவில்லை. கடைசிப் பெட்டி போனபிறகுதான் டீச்சர் தாளைப் புரட்டி முடித்தார். அப்போது அவள் மூன்றாம் பக்கத்தில் இருந்தாள்.

இரண்டில் எதை அனுப்புவது என்று பேச்சு வந்தது. டீச்சர், பீம்ராவ், மதி மூன்று பேரும் சொன்னது முதலாவதை. சத்தம் இல்லை, சுத்தமாக இருக்கிறது, இரண்டாவதில் வண்டிச் சத்தத்தில் பாதி அமுங்கிப்போகிறதே என்றார்கள். ரமாபாய் இரண்டையும் ஒருதரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். என்னையும் கேட்கச் சொன்னாள். எனக்கு அந்த வித்தை தெரியாது.

"முதல்ல எடுத்ததுல நான் வண்டிய எதிர்பாத்துக்கினே வாசிக்கிறேன்" என்றாள். "எப்ப வரும், எப்ப வரும்னு கீது. கேளுங்க, ரெண்டாம் பக்கம் ஓடுது. வண்டிக்கு முன்னாடி முடிச்சிடணும்னு ஓடறேன். ரெண்டாவதுல வண்டி வந்துடுச்சி. அதுக்கப்பறம் பயப்பட இன்னா கீது? அங்கேர்ந்துதான் நான் ஒழுங்கா வாசிக்கிறேன்."

டீச்சர் திரும்ப ஒருமுறை கேட்டார். இரண்டாம் பக்கத்துக்குத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "ஆமா, இவ ஓடுதா" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "ஆனா அதுல என் கை கோமாளி மாதிரி தொங்குதே" என்றார்.

"அது இருக்கட்டும் டீச்சர். அழகா கீது."

பதினொன்றரைக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். யாரிடமும் இன்னொரு தரம் கேட்கவில்லை.

பதினோராவது நாள் காலை, எல்லாரும் வீட்டில் இருக்கும்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது. "ஹலோ" என்றாள். "ஆமாங்க, ரமாபாய்தான்" என்றாள். வண்டி ஊதியது. டாங்கர் வண்டி. மதி கரண்டியோடு நின்றாள். பீம்ராவ் சட்டையில் ஒரு கையை விட்டபடி நின்றார். நாங்கள் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள், கேட்டாள், தலையை ஆட்டினாள், மறுபடி பேசினாள். டாங்கர் போய்க்கொண்டே இருந்தது. பாதி டாங்கர்கூடப் போயிருக்காது, போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கேட்கவும் முடியவில்லை, எங்கள் வாய்தான் திறக்காதே.

கடைசி டாங்கர் போனதும் மதி, பீம்ராவ், நான் மூன்று பேரும் ஒரே நேரத்தில், "இன்னா சொன்னாங்க?" என்றோம்.

அவள் அதற்குள் தட்டின் முன்னால் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எடம் குட்த்துட்டாங்கன்னு ரெண்டு தபா சொல்லிட்டேன்" என்றாள். "ஜூலைல வந்து சேரணுமாம். சட்னி வை."