வெளுத்துப்போன படங்கள்

என் தாய்மாமன் சேர்த்து வைத்திருந்த படங்களை அழித்தவன் நான்தான். அறுபது வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

மாமா திருப்பூரில் டாக்டர். பாதம் உள்பக்கம் வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு நிமிர்த்துவார். கட்டுக்கு முன்னும் பின்னும் பாதங்களைப் படமெடுத்து, நெகட்டிவ்களை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். பிள்ளை அழுகிறதே என்று தாய் தயங்கினால், அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்.

அப்பா நடத்தியது சலவைப் பட்டறை. எது கறுத்திருந்தாலும் பிளீச்சிங் தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. தெருப் பிள்ளைகளுக்குப் பயாஸ்கோப் காட்ட எனக்குத் தெளிந்த பிலிம் வேண்டியிருந்தது. மாமாவின் நெகட்டிவ்களை ஒரு வாளியில் ஊறப்போட்டேன். பாதங்கள் எல்லாம் கரைந்து போயின. மிஞ்சிய பிலிமில் முருகனையும் மயிலையும் வரைந்தேன். காலிப் பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சில நாள் கழித்து, நான் மாமாவின் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தாள். நாலைந்து கட்டு மாற்றியும் பாதம் திரும்பவில்லை என்று அவளுக்குக் கவலை.

"அந்தப் படத்த இன்னொருக்காக் காட்டுங்க சாமி. பார்த்தா மனசு தைரியமாயிரும்."

மாமா பெட்டியைத் திறந்தார். மேசைமேல் கவிழ்த்துப் பார்த்தார். வாயால் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனாள். அப்புறம் வரவே இல்லை. மாமா என்னைச் சந்தேகப்படவும் இல்லை. அடி விழவில்லை என்பதுதான் அன்று எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாமா காலமான பின் நோயாளிகளைப் பற்றி அவர் எழுதி வைத்த தாள்கள் என்னிடம் வந்தன. போன வருடம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பழைய டாக்டர்களின் படங்களையும் தாள்களையும் சேகரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோனேன். படம் ஒன்றுகூட இல்லையா என்று பொறுப்பிலிருந்த பெண் கேட்டாள். முதன்முறையாக உண்மையைச் சொன்னேன். தாள்களில் ஊரும் பேரும் இருக்கின்றனவே, சம்மதிப்பவர்களின் பாதங்களை இப்போது படமெடுத்தால் என்ன என்றாள்.

பேரனின் வண்டியில் ஊர் ஊராகப் போனேன். ஒரு டெய்லர் சிரித்தபடி காலை நீட்டினார்.

"எல்லாரும் மூஞ்சியத்தான் போட்டோ எடுப்பாங்க. காலக் கேட்டு வந்தது நீங்கதானுங்க."

ஒரே ஒரு தாள் மட்டும் பாதியில் நின்றிருந்தது; அன்று படம் கேட்டு வந்த தாயின் மகனுடையது. அந்த மகனை அருள்புரத்தில், பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் இடத்தில் கண்டுபிடித்தேன். எழுந்து பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்றி நடந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கம்மா சாகறவரைக்கும் தன்னையேதான் நொந்துட்டிருந்தாங்க. அவங்க இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கலாமுங்க."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"எடுங்க. பாதியில உட்டா இப்பிடித்தான் ஆகும்னு நாலு பேரு பார்க்கோணும்."

படங்களின் பிரதிகள் இப்போது அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியில், குழந்தைகளுக்கு மாவுக்கட்டுப் போடும் அறையில் தொங்குகின்றன. அவருடையதுதான் முதலில். போன மாதம், தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் இளம்பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதியில் கிளம்பியவள், அந்தச் சுவர் முன்னால் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தாளாம். அதை அவரிடம் சொன்னதிலிருந்து வாராவாரம் போன் செய்கிறார். நலம் விசாரிப்பதில்லை.

"அந்தப் புள்ள இந்த வாரமும் வந்துச்சுங்களா?"

ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு, வந்தது என்று இதுவரை சொல்லி வருகிறேன்.