ஞானம்மாளின் சாப்பாட்டு மணி

லால்குடியில் என் பள்ளிக்கூடத்து வாசலில் பொன்னுசாமி வந்து நின்றபோது முதல் பாடவேளைகூட முடியவில்லை. திருச்சியிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்திருந்தார். எப்போதும் தெருமுனையிலிருந்தே சத்தம் கொடுத்துக்கொண்டு வருகிற மனிதர், நேற்றுக் காலை குடையை மடக்கிப் பிடித்தபடி பேசாமல் நின்றார்.

"அம்மா போயிட்டாங்க வாத்தியாரே. நேத்து சாயங்காலம். கூடத்துல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அப்படியே சாஞ்சுட்டாங்க," என்றார்.

பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கெல்லாம் சோறு போட்ட ஞானம்மாள் அம்மாளைப் பற்றி எழுத வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன். அவரை அறிந்தவர்கள் திருத்தட்டும், அறியாதவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

மேலப்புதூரில் எங்கள் வேதக்கோவிலின் காம்பவுண்டுக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடுதான் அவருடைய போர்டிங். உபதேசியாராக இருந்த கணவர் இறந்தபின், சபை அந்த வீட்டை அவர் ஆயுள்வரை இருக்கக் கொடுத்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அழுது முடித்த கையோடு முன்கட்டு அறைகளை வெள்ளையடித்து, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஆண்களுக்கு விட்டுவிட்டார். பின்கட்டில் அவரும் சமையற்கார மரியாளும் இருந்தார்கள். நடுவில் சாப்பாட்டுக் கூடம்.

நான் ஆசிரியர் வேலை கிடைத்து அங்கே போய்ச் சேர்ந்தபோது பொன்மலை ஒர்க்ஷாப் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே வரைபடம் போடும் வேலையில் இருந்த பொன்னுசாமிதான் எனக்குப் பக்கத்து அறை. தொட்டியத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி பூசுபவர். சாப்பாட்டுக்கு முன் அம்மா ஜெபம் செய்ததும் எங்கள் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொல்வதும் அவர்தான். "சோத்துக்கு நன்றி சொல்றதுல என்ன வாத்தியாரே பேதம்?" என்பார்.

தங்குபவர்களைத் தவிர, ராச்சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே அம்மா ஒரு வெண்கலக் கைமணி வைத்திருந்தார். மோர் சாதம் முடிந்து சற்று நேரத்தில் அதை ஆட்டுவார். "சாப்பிட வந்தவங்க கிளம்பலாம்," என்பார். அதற்குமேல் ஒரு வெற்றிலைகூடப் போட முடியாது. தாசில்தார் ஆபீஸ் ஆளானாலும் சரி, சொந்தச் சித்தப்பா மகனானாலும் சரி. நான் வந்த புதிதில், இது கொஞ்சம் அதிகம் இல்லையா என்று கேட்டுவைத்தேன்.

"ஆம்பளைங்களுக்குச் சோறு போடற விதவை வீடுங்க இது. இந்த வீட்டுக்குக் கதவு மட்டும் போதாது, மணியும் வேணும்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சுயபச்சாதாபம் ஒரு துளி இல்லை. பூட்டுக்குச் சாவி எங்கே என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அப்படிச் சாப்பிட மட்டும் வந்தவர்தான் ஆபிரகாம் அண்ணன். ஸ்ரீரங்கம் தபால் ஆபீஸில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவர், ஆபீஸுக்குப் பின்னாலேயே ஓர் அறையில் வாசம். கோவில் கைங்கரியக்காரர்கள்கூட "ஆபிரகாம் சுவாமி, க்ஷேமமா இருக்கேளா?" என்று விசாரித்துத்தான் மணியார்டரை வாங்குவார்கள். ஆனால் அந்த ஊர்ப் பிராமணாள் சாப்பாட்டுக் கிளப்புகளில் அவர் உட்கார்ந்து சாப்பிட அந்தக் காலத்தில் இடம் கிடையாது. அவர் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது குறையாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது. மாலையில் ஆபீஸைப் பூட்டிவிட்டு, காவிரிப் பாலத்தில் சைக்கிளை மிதித்து மேலப்புதூர் வந்து சாப்பிட்டுவிட்டு, மணி அடித்ததும் திரும்ப மிதித்துப் போவார்.

ஓர் ஆடி மாதம், காவிரி இரு கரையும் தொட்டு ஓடியபோது, தலை முதல் கால் வரை நனைந்து வந்து சேர்ந்தார். அம்மா ஒரு துண்டை எடுத்து அவர் நாற்காலியின் முதுகில் போட்டார். மறுநாள் மழை இல்லை. துண்டு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. கோடை வந்த பிறகும் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொன்னுசாமி மட்டும் என் தொடையைக் கிள்ளுவார்.

வருஷங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, ரசம் ஊற்றியபடி அம்மா கேட்டார்: "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பாலத்தைத் தேய்ப்பீங்க?"

ஆபிரகாம் அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொல்ற வரைக்கும்," என்றார்.

"அப்ப ஓலை வாசிக்கச் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க."

அவ்வளவுதான் அவர்களுடைய காதல் வசனம். தனியாக இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களுக்கு முன்னால் பேசியதால் அதில் பொய் கலக்கவும் இடமில்லை.

எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் மணமக்களின் பெயரைப் போதகர் வாசிப்பார்; அதுதான் ஓலை. தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் அதன் அழகு. பெண் அந்த ஞாயிறுகளில் கோவிலுக்கு வராமல் வீட்டோடு இருப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா வந்தார். வழக்கமான பெஞ்சில், வழக்கமான வெள்ளைச் சேலையில் உட்கார்ந்தார்.

பொன்னுசாமியும் வந்திருந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. என் பக்கத்தில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதகர் ஓலையை வாசித்துவிட்டுத் தடை உண்டா என்று கேட்டார். கோவில் முழுக்க அமைதி. தொட்டியத்தில் அவர்கள் பக்கம் நிச்சயதார்த்தச் சபையில் எல்லோருக்கும் சம்மதமா என்று பெரியவர் கேட்கும்போது யாரும் பதில் சொல்லாவிட்டால் அது பெண்ணுக்குப் பெரிய அவமானம். பொன்னுசாமி பொறுத்துப் பார்த்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"எங்க எல்லாருக்கும் பூரண சம்மதங்க," என்று கூரை அதிரச் சொன்னார்.

பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். போதகரும் சிரித்துவிட்டு மேலே போயிருப்பார். ஆனால் சபை மூப்பர் எழுந்தார். விதவை மறுபடி கல்யாணம் செய்துகொள்வது அவருக்குப் பிடிக்காது. அதுவும் தன்னைக் கேட்காமல் செய்துகொள்வது அறவே பிடிக்காது.

"ஓலை வாசிக்கையில ஒருத்தர் எழுந்து பேசினா விசாரிச்சாகணும். அதுதான் முறை. விசாரிக்கறப்ப எல்லாத்தையும் விசாரிப்போம். அந்தத் தம்பி மழை நாள்ல எல்லாம் ராத்திரி ஸ்ரீரங்கம் திரும்பறாரா, பின்கட்டுல தங்கறாரான்னு ஊர்ல பேச்சு இருக்கு," என்றார்.

ஓலை நின்றது. விசாரணையில் அம்மாவின் பெயர் கெட்டால் கல்யாணமும் போகும், சபை கொடுத்த வீடும் போகும். வீட்டுக்கு வந்ததும் பொன்னுசாமி வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். அம்மா அவர் எதிரில் வந்து நின்றார்.

"கோவில் நிறைய ஆளுங்க இருந்தாங்க. எனக்காக எழுந்தது நீங்க ஒருத்தர்தான். போய்க் கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்றார்.

பிறகு போதகருக்குச் சொல்லி அனுப்பினார்: விசாரணையை என் சாப்பாட்டுக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம், நீங்களும் மூப்பர் ஐயாவும் சாப்பிட வாருங்கள் என்று.

அந்த வாரமே வந்தார்கள். ஐப்பசி மாதம், பகல் முழுக்க வானம் மூடிக் கிடந்தது. ஆபிரகாம் அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஜெபம் செய்தார். மரியாள் பரிமாறினார். மூப்பர் ஒவ்வொருவராகக் கேட்டார். நாங்கள் உள்ளதைச் சொன்னோம். அவர் தலையை ஆட்டவில்லை. "அவங்க சோத்தைத் தின்னுட்டு வேற என்ன சொல்லப் போறீங்க?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம்தானே, நம் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்ற கவலையும் கூடவே வந்தது. அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி பருப்பு போடச் சொன்னார்.

மோர் சாதத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடு பெயர்ந்துவிடும்போல அடித்தது. சாப்பிட்டு முடித்து மூப்பர் வசதியாகச் சாய்ந்து, வெற்றிலையை மடித்து, "இப்ப ஞானம்மா, நீ சொல்லு," என்று ஆரம்பித்தார்.

அம்மா மணியை எடுத்து ஆட்டினார்.

"சாப்பிட வந்தவங்க கிளம்பலாம்," என்றார்.

ஆபிரகாம் அண்ணன் உடனே எழுந்தார். துண்டால் தலையை மூடிக்கொண்டு சைக்கிளை உருட்டி இறங்கினார். மூப்பர் மழையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இந்த மழையிலயாம்மா? என் வீடு புத்தூர்ல இருக்கு."

"அவர் ரூம் ஸ்ரீரங்கத்துல இருக்குங்க ஐயா. இந்த மழையிலதான் அவரும் போறாரு. என் வீட்டுல எல்லாருக்கும் ஒரே மணிதான்."

போதகர் முதலில் எழுந்தார், குடையை விரித்தார். மூப்பர் வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை திரும்புவதற்குள் இருவரும் தெப்பலாக நனைந்திருந்தார்கள் என்று மறுநாள் மரியாள் மிகுந்த திருப்தியோடு சொன்னார். வந்த ஞாயிறு ஓலை மறுபடி வாசிக்கப்பட்டது. மூப்பர் முதல் பெஞ்சில் தும்மிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. பொன்னுசாமியை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மூப்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். மனைவியை இழந்தபிறகு அவரும் அம்மாவிடம் ராச்சாப்பாட்டுக்கு வரத் தொடங்கினார். யுத்த காலத்து ரேஷன் அரிசியில் அம்மா எப்படியோ எல்லோருக்கும் சோறு போட்டார், ஒருவரையும் நிறுத்தவில்லை. மணி அடித்ததும் முதல் ஆளாக எழுவது மூப்பர்தான்.

கல்யாணத்துக்கு மறுநாள் ராத்திரி நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அம்மா வழக்கம்போல மணியை ஆட்டினார். ஆபிரகாம் அண்ணன் வழக்கம்போல எழுந்து, துண்டைத் தோளில் போட்டு, சைக்கிளைத் தேடி வாசலுக்குப் போய்விட்டார். கூடமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல் வாசல்வரை போனார்.

"உங்களுக்கு இல்லைங்க. நீங்க உள்ள வாங்க," என்றார்.

நான் கேட்டதிலேயே இனிமையான வார்த்தை அது.

நேற்று அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் அதே கூடத்தில் உட்கார்ந்தோம். பழைய ஆட்கள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். கண்ணீரோடுதான் சாப்பிட்டோம்; ஆனாலும் சாப்பிட்டோம், அம்மா வீட்டில் இலையில் மீதி வைத்துப் பழக்கமில்லை. ஜெபம் முடிந்ததும் பொன்னுசாமியின் ஆமென் கேட்டது, இந்தத் தடவை மெதுவாக. மோர் சாதம் ஆனது. ஆபிரகாம் அண்ணன் அலமாரியிலிருந்து மணியை எடுத்து ஆட்டினார். மணி மட்டும் ஒலித்தது.

எங்கள் தலைகள் எல்லாம் மூப்பர் பக்கம் திரும்பின. தொண்டு கிழவராகிவிட்டவர், கைத்தடியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றியபடி அசையாமல் இருந்தார்.

"நான் இன்னைக்குக் கிளம்பலைப்பா. ஆபிரகாமு, நீ இப்படி வந்து என் பக்கத்துல உக்காரு," என்றார்.

அம்மா, உங்கள் மணிக்கு நாங்கள் ஒருவரும் எழுந்திருக்காத ராத்திரி அது ஒன்றுதான். ஆபிரகாம் அண்ணனைத் தனியாக விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. நேற்று கிளம்பியவர் நீங்கள் மட்டும்தான். போய் வாருங்கள்.