ஹின்னர்க்கின் கன்றுத்தோல்

நனைந்த குடைகளை எண்ணிக்கொண்டிருந்தார் ஹின்னர்க். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். பதினொரு மணிக்குக் கச்சேரி. ஜெர்மனியின் பிரேமன் நகரில் முந்தின நாள் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ரசிகர்கள் மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கிற மேஜைக்கு எதிரே, மேடைக்கான கறுப்புக் கோட்டோடு தூணை ஒட்டி நின்று, உதடு அசைய எண்ணினார். நூற்றைம்பதைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எய்லர்ட், மேலங்கியையாவது கழட்டிக் குடுத்துடறாங்க. தலைமுடிய என்ன பண்றது? அந்தச் செவப்பு ஸ்கார்ஃப் அம்மாவைப் பாரு. துவட்டவே இல்ல, சொட்டுது!"

"போய்த் துவட்டிவிட்டுட்டு வாயேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. போகலாமா என்று நிஜமாகவே யோசித்த மாதிரிதான் இருந்தது.

எங்கள் இசைக்குழுவில் ஹின்னர்க் லூடர்ஸ் டிம்பனி வாசிக்கிறார். அண்டா போன்ற செம்புக் கிண்ணத்தின் மேல் கன்றுத்தோலை இழுத்துக் கட்டிய முரசு அது. அவரிடம் இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நான் மூன்றாவது டிராம்போன், இழுத்து நீட்டி ஊதுகிற பித்தளைக் குழல். இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு இடப்பக்கத்து நாற்காலி. நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய சிம்பொனிகளை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பது எங்கள் குழுவின் பிடிவாதம். மற்ற குழுக்களில் டிம்பனிக்கு பிளாஸ்டிக் தோல் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பிளாஸ்டிக்குக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். கன்றுத்தோல் அப்படி இல்லை. ஈரம் பட்டால் தொய்ந்து சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகிக்கொண்டு ஏறும். ஆனால் பிளாஸ்டிக் கன்னத்தில் அறைகிறது, தோல் நெஞ்சுக்குள்ளிருந்து பேசுகிறது. ஹின்னர்க்கை நான் எவ்வளவு கேலி செய்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சிதான்.

அவர் சட்டைப்பையில் சீப்பு இருக்காது, ஈரமானி இருக்கும். கைபேசியில் ஐந்து வானிலைச் செயலிகள். ஐந்தும் ஒரே மாதிரி சொன்னால்தான் இன்னும் பயப்படுவார். வீட்டில் முரசுகள் இருப்பது சாப்பாட்டு அறையில். அதனால் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுப்பில் எதுவும் கொதிக்கக் கூடாது. அவர் மனைவி அல்முட், மணிக்கணக்காக வேக வேண்டிய கோஸ்கீரையையும் தொத்திறைச்சியையும் பானையோடு தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விடுவாள். "கல்யாணம் பண்ணிக்கும்போது மாமியார்தான் இல்லயேன்னு நிம்மதியா இருந்தேன்" என்பாள். "ரெண்டு பேரு வந்து டைனிங் ரூம்ல ஒக்காந்துட்டாங்க!"

மார்ச் மாதம் வரைக்கும் இதெல்லாம் சிரிக்கிற சமாச்சாரமாகத்தான் இருந்தது. மார்ச்சில் வெளியூர்க் கச்சேரி ஒன்றில், கடைசிப் பாகத்தின் நடுவே பெரிய முரசு ஒரு முழுச் சுருதி இறங்கிவிட்டது. எண்பது பேர் ஒரு பக்கம், முரசு ஒரு பக்கம். முரசுக்காரர் வேறு சிம்பொனி வாசித்தார் என்று மறுநாள் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். ஹின்னர்க் அதைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருக்கிறார்.

குழுவின் மேலாளர் வீப்கே கெட்டவள் இல்லை. முப்பத்தாறு வயது; எங்கள் எல்லோருக்கும் சோறு போடுகிற கவலை அவளுக்கு. அன்று காலை மேடையின் பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் டிம்பனிகளை உறை கழற்றி நிறுத்தியிருந்தாள்.

"ஹின்னர்க், இன்னிக்கு ரேடியோல நேரடி ஒலிபரப்பு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னொரு தடவ மார்ச் மாதிரி ஆச்சுன்னா, அடுத்த சீசன்ல இருந்து இதுதான். குழு கூடி முடிவு பண்ணியாச்சு."

"அப்ப என் இடத்துக்கு வேற ஆளையும் பாத்துக்கோ" என்றார் ஹின்னர்க். உடனே அந்தக் கோபத்தை என் மேல் திருப்பினார். "எய்லர்ட், நாற்காலிக்கடியில என்ன அது? தண்ணி பாட்டிலா? மொதல்ல வெளிய கொண்டு போ!"

டிராம்போன் குழல் வழுக்குவதற்காக நான் தெளித்துக்கொள்கிற தண்ணீர், உள்ளங்கை அளவு பாட்டில். அதையும் கொண்டுபோய் அறையில் வைத்துவிட்டு வந்தேன். மேடையில் சொட்டு ஈரம் இருக்கக் கூடாதாம்.

கச்சேரி தொடங்கியது, நான்கு பாகச் சிம்பொனி. முதல் இரண்டு பாகமும் பெரிய முரசு தொய்ந்துகொண்டே வந்தது. ஹின்னர்க் பக்கத்துக் கைப்பிடியை முறுக்கி முறுக்கிச் சமாளித்தார். கிண்ணத்துக்குள், மழைக்காலத்தில் தோலைச் சூடுபடுத்த ஒரு சின்ன பல்பு வைத்திருக்கிறார். அதன் கால்சுவிட்சு இருப்பது என் நாற்காலிப் பக்கம். இரண்டாம் பாகம் முடிந்து, அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலையெல்லாம் சபை இருமித் தீர்த்தபோது, "அமுக்கு, அமுக்கு, அஞ்சு நிமிஷம் போதும்" என்று பல்லிடுக்கில் சொன்னார். அமுக்கினேன். 'டக்'கென்ற சத்தம் இருமலோடு இருமலாகப் போய்விட்டது.

மூன்றாம் பாகம் தொடங்கியது. மூச்சு விடுவதுபோல மெல்லிய வயலின்கள். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது: போட்டாயிற்று, அணைப்பது எப்படி? எங்கள் தலைக்கு மேலேயே ரேடியோக்காரர்களின் மைக் தொங்குகிறது. இருமலுக்கு இனி இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இந்தப் பாகத்தில் பெரிய முரசுக்கு வேலையே இல்லை. சும்மா இருந்து சுட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசிப் பாகம் தொடங்குவதோ பெரிய முரசின் உருட்டலோடு, தன்னந்தனியாக. அட கடவுளே!

ஹின்னர்க்கின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கிண்ணத்தின் அடித்துளை வழியே தெரிந்த மஞ்சள் வெளிச்சத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கூடக் கை எழவில்லை. என் கால் சுவிட்சின் மேலேயே இருந்தது. தொடை நடுங்கி, அதுவே 'டக்'கென்று விடுமோ என்று எனக்கு வேறு பயம்.

இருபதாவது நிமிஷம் குழு மொத்தமும் உச்சத்துக்கு ஏறியது. தாளத்தட்டுகள் மோதி முழங்கிய நொடியில் டிராம்போனை ஊதிக்கொண்டே மிதித்தேன். வெளிச்சம் அணைந்தது. சத்தம் எனக்கே கேட்கவில்லை.

உச்சம் அடங்கியதும் ஹின்னர்க் பெரிய முரசின் மேல் காதை வைத்து, விரல் நுனியால் தொட்டார். கைப்பிடியைத் தளர்த்தினார். இன்னும் தளர்த்தினார். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தோல் காய்ந்து விறைத்துவிட்டது. எவ்வளவு தளர்த்தினாலும் கடைசிப் பாகத்தின் அடிச் சுருதிக்கு இறங்க மாட்டேன் என்கிறது. பக்கவாட்டில் வீப்கே நிமிர்ந்து நின்றாள். கண்டுவிட்டாள்.

ஹின்னர்க்கின் உதடு "தண்ணி" என்றது. பாட்டில் அறையில் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். யார் செய்த வேலை அது என்றும் கேட்டிருப்பேன், நேரமில்லை.

அவர் கோட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினார். எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. டிராம்போன் ஊதினால் மூச்சு குளிர்ந்து குழலுக்குள் நீராகும். ஊதி முடித்ததும் அதைக் கீழே வடிப்போம். இருபத்திரண்டு வருஷமாக "ஒன் எச்சித் தண்ணியோட தள்ளியே ஒக்காரு" என்று சொல்லிவந்த மனுஷன், இப்போது இரண்டு கையாலும் கைக்குட்டையை ஏந்திக்கொண்டிருக்கிறார். சத்தமில்லாமல் வடித்தேன். என் பக்கத்து டிராம்போன்காரர், ஒரு கேள்வி கேட்காமல், தன் குழலையும் சாய்த்தார்.

அந்த ஈரக் கைக்குட்டையால் தோலை விளிம்பிலிருந்து உள்ளே ஒற்றினார். மெல்ல, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. வயலின்கள் தேய்ந்து அடங்கின. சபை இருமியது. அவர் காதை வைத்தார். கைப்பிடியை ஒரு விரற்கடை திருப்பினார். மறுபடி காதை வைத்தார். இசை நடத்துநர் கோலை உயர்த்திவிட்டார்.

உருட்டல் எழுந்தது. மிகச் சன்னமாக, அடித்தரையிலிருந்து, சரியான சுருதியில். என் பின்கழுத்து மயிர் சிலிர்த்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதன் பிறகு இருபத்திரண்டு நிமிஷம் நான் என்ன ஊதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

முடிந்ததும் சபை எழுந்து நின்று தட்டியது. பக்கவாட்டில் வீப்கே குனிந்து பிளாஸ்டிக் டிம்பனிகளின் மேல் உறையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். நடத்துநர் குழுவைத் தாண்டிக் கையை நீட்டி ஹின்னர்க்கை எழச் சொன்னார். ஹின்னர்க் எழுந்தார். ஆனால் அத்தனை கைத்தட்டலும் மோதியதில் அவருடைய முரசுகள் தாமாகவே முனகத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் உள்ளங்கையை வைத்து அடக்கிக்கொண்டு, கையை எடுக்காமலேயே, தலையை மட்டும் சற்றுத் தாழ்த்தினார்.